தாமதித்து வரும் புள்ளிகள்

சதுரங்கக்காரர்கள் இருவர் முதன்முதலாகச் சந்தித்தால் பெயரைக் கேட்பார்கள். அடுத்ததாக ஊரைக் கேட்கமாட்டார்கள். “எத்தனை?” என்றுதான் கேட்பார்கள். உம்முடைய ரேட்டிங், அதாவது தரப்புள்ளி, எத்தனை என்பது அதன் பொருள். 1450 என்று ஒருவர் சொன்னால் மற்றவருடைய முகத்தில் ஒரு தளர்வு தெரியும். 2100 என்றால் கதிரையை இழுத்துப்போட்டு மரியாதையாக உட்காருவார். நான்கு இலக்கங்களுக்கு இத்தனை அதிகாரம் இருப்பதைப் பார்த்து நான் பல தடவை சிரித்திருக்கிறேன். என்னுடைய நான்கு இலக்கங்கள் இறங்கிய நாட்களில் சோறு இறங்காமல் இருந்துமிருக்கிறேன்.

இணையத்தில் அஞ்சல்முறைச் சதுரங்கம் ஆடுகிறவன் நான். எதிராளியும் நானும் ஒரே நேரத்தில் பலகைக்கு முன்னால் இருக்கவேண்டியதில்லை. அவர் இன்று காலையில் ஒரு காயை நகர்த்துவார். நான் நாளை மறுநாள் இரவு பதில் நகர்த்துவேன். ஒரு நகர்வுக்கு ஒரு நாள், மூன்று நாள், ஏழு நாள், பதினான்கு நாள் என்று தவணைகள் உண்டு. ஓர் ஆட்டம் முடிய மாதங்கள் ஆகும், சிலவேளை ஒரு வருடத்தையும் தாண்டும். இந்த ஆட்டத்தில் தரப்புள்ளி எப்படிப் பிறக்கிறது, எப்படி ஏறி இறங்குகிறது என்பதை எழுதவேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். எழுதாமல் இருந்ததற்கும் இப்போது எழுதுவதற்கும் காரணம் ஒரே ஆள்தான். அவரைப் பற்றிப் பிறகு.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்கிவிடலாம். தரப்புள்ளி பரீட்சைப் புள்ளி அல்ல. கணிதப் பாடத்தில் எனக்கு 72 கிடைத்தால், பக்கத்து மேசைக்காரன் கெட்டிக்காரனோ மொக்கனோ, என்னுடைய 72 எழுபத்திரண்டுதான். தரப்புள்ளி அப்படித் தனியே நிற்காது. அதில் பொருள் உள்ளது இருவருக்கிடையிலான வித்தியாசம் மட்டுமே. ஓர் இணையத்தளத்தில் உள்ள அத்தனை பேருக்கும் இன்றிரவு 500 புள்ளிகளைக் கூட்டிவிட்டால் நாளைக் காலையில் எதுவும் மாறியிருக்காது. ஆகவேதான் ஒரு தளத்தின் 1800 இன்னொரு தளத்தின் 1800 ஆவதில்லை. ஒரே தளத்திலும் ஐந்து நிமிட ஆட்டத்துக்கு ஓர் எண், அஞ்சல்முறைக்கு வேறோர் எண். இரண்டையும் ஒப்பிட்டுச் சண்டை பிடிக்கிற இளைஞர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

ஆட்டக்காரர்களை அளந்து தரம் பிரிக்கும் ஆசை நேற்றைய ஆசையல்ல. அப்பாசியர் காலத்து பாக்தாதில் ஷத்ரஞ்ச் ஆடியவர்களை ஐந்து வகுப்புகளாகப் பிரித்திருந்தார்கள். உச்சியில் இருந்தவர்கள் ஆலியாத், மேன்மக்கள். ஒரு காலத்தில் இரண்டொருவர்தான் அந்தப் பட்டியலில் இருப்பார்கள். அவர்களை நெருங்கி நின்றவர்கள் முதகாரிபாத். அதற்குக் கீழே வரவர, மேல்வகுப்புக்காரர் பெரிய பெரிய காயாகக் கழித்துவிட்டு ஆடவேண்டும். பத்து ஆட்டத்தில் எத்தனை வெல்கிறான் என்பதே அளவுகோல். கலீஃபா முதவக்கிலின் முன்னிலையில் அர்-ராஸீயிடம் தோற்ற அல்-அத்லீயும், கலீஃபா முக்தஃபியின் அவையில் மாவர்தியை வீழ்த்திய அஸ்-ஸூலியும் இந்த ஏணியின் உச்சியில் ஏறி இறங்கியவர்கள்தாம். (சதுரங்கம் ஆகுமா ஆகாதா என்ற பழைய வாதத்துக்குள் நான் இறங்கவில்லை. அதற்கு வேறு பக்கங்களும் வேறு ஆட்களும் இருக்கிறார்கள்.) பத்து ஆட்டத்தில் எத்தனை என்ற அந்தக் கேள்வியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய கணக்கும் அதையேதான் கேட்கிறது.

இன்றைய கணக்கின் தகப்பன் அர்பாட் எலோ. 1903இல் ஹங்கேரியில் பிறந்து, அமெரிக்காவின் மில்வோக்கி நகரில் மார்க்கெட் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படிப்பித்தவர். தானே நல்ல ஆட்டக்காரர். அவருடைய முறையை 1960இல் அமெரிக்கச் சதுரங்க சம்மேளனமும், 1970இல் உலகச் சம்மேளனமான ஃபிடேயும் ஏற்றுக்கொண்டன. பலர் நினைப்பதுபோல ‘எலோ’ என்பது சில சொற்களின் முதலெழுத்துக்களைச் சேர்த்த சுருக்கமல்ல. ஒரு மனிதரின் பெயர்.

அவர் செய்தது இதுதான். இரண்டு பேர் ஆடுவதற்கு முன்பே அவர்களுடைய புள்ளி வித்தியாசத்தை வைத்து ஓர் எதிர்பார்ப்பைச் சொல்லிவிடுகிறார். வித்தியாசம் பூச்சியம் என்றால் ஆளுக்குப் பாதி. 100 என்றால் மேலே உள்ளவர் நூறு ஆட்டத்தில் 64 புள்ளி எடுக்கவேண்டும். 200 என்றால் 76. 400 என்றால் ஏறக்குறைய 91. ஆட்டம் முடிந்ததும் நடந்ததையும் எதிர்பார்த்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வித்தியாசத்தை ஒரு மாறிலியால் பெருக்கிக் கூட்டவோ கழிக்கவோ செய்கிறார். நான் 1620, எதிராளி 1820, மாறிலி 20 என்று கொள்வோம். என்னிடம் எதிர்பார்க்கப்படுவது 0.24. நான் வென்றால் 15 புள்ளி எனக்கு வரும், அதே 15 அவரிடமிருந்து போகும். தோற்றால் எனக்கு 5தான் நட்டம். சமநிலையில் முடிந்தால் எனக்கு 5 இலாபம். ஆக, பெரியவரோடு சமநிலை செய்வதும் ஒரு வருமானம். சின்னவரோடு சமநிலை செய்தால் பொக்கற்றிலிருந்து காசு போகும்.

இதை எனக்கு விளங்கப்படுத்தியவர் எங்கள் ஊரில் கணக்கு ஸேர் என்று எல்லோரும் அழைத்த ஓய்வுபெற்ற ஆசிரியர். நான் பாடசாலையில் அவரிடம் படித்தவன். ஆனால் அவரிடம் கணக்கு விளங்கியது சதுரங்கப் பலகைக்கு முன்னால்தான். பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எலோவின் சமன்பாட்டை எழுதிக் காட்டிவிட்டுச் சொன்னார்: “தம்பி, இது உன்ட தலையில ஒட்டின விலை இல்ல. நாளைக்கு ஒருத்தனோட இருந்தா எத்தனைக்கு எத்தனை வெல்லுவ எண்டு சொல்ற ஊகம். ஊகம் பிழைச்சா திருத்துறாங்க. அவ்வளவுதான்.”

“அப்ப அது சரியா இருக்கணும் எண்டு இல்லையா, ஸேர்?”

“சரியா இருந்தா ஏன் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மாறுது?”

எலோவே தன்னுடைய அளவுகோலைப் பற்றி அடக்கமாகத்தான் பேசியிருக்கிறார். தண்ணீரில் மேலும் கீழும் ஆடும் ஒரு தக்கையின் இருப்பை, காற்றில் அசையும் கயிற்றில் கட்டிய அடிக்கோலால் அளப்பதற்கு அதை ஒப்பிட்டார்.

ஸேர் கணினி வருவதற்கு முன்பே அஞ்சல் சதுரங்கம் ஆடியவர். எழுபதுகளின் கடைசியிலிருந்து விமானத் தபாலட்டைகளில் வெளிநாட்டவர்களோடு ஆடினார். அட்டையில் மொழி இருக்காது. இலக்கங்கள் மட்டுமே இருக்கும். பலகையின் எட்டு நிரல்களுக்கும் எட்டு வரிசைகளுக்கும் ஒன்றிலிருந்து எட்டு வரை எண். இராஜாவுக்கு முன்னால் உள்ள காலாளை இரண்டு கட்டம் நகர்த்தினால் 5254 என்று எழுதினால் போதும். ரஷ்யக்காரனுக்கும் விளங்கும், எங்கள் ஊர் ஸேருக்கும் விளங்கும். பத்து நகர்வுகளுக்கு முப்பது நாள். தபாலில் கழியும் நாட்கள் அந்தக் கணக்கில் சேராது. அட்டை கிடைத்த திகதியையும் பதில் போட்ட திகதியையும் நேர்மையாக எழுதவேண்டும். எதிராளியின் சொல்லை நம்புவதுதான் கடிகாரம். இரண்டு மூன்று வருடங்கள் ஓடிய ஆட்டங்கள் அவரிடம் இருந்தன. அந்த அட்டைகளை ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் போட்டு வைத்திருந்தார். வீட்டுக்காரி அந்தத் தகரத்தை எறியப்போன கதையை அவர் சொன்னால் தனிக் கட்டுரையாகும்.

1990இல் எங்கள் பகுதியில் தபாலும் போக்குவரத்தும் நின்றுபோன மாதங்களில் அவருடைய மூன்று ஆட்டங்கள் காலாவதியாகின. ஒன்றில் அவருக்கு ஒரு காலாள் கூட. வெல்லவேண்டிய ஆட்டம். எதிராளி எத்தனை ஞாபகமூட்டல் அனுப்பினாரோ தெரியாது. ஸேருக்கு ஒன்றும் வந்து சேரவில்லை. மூன்றும் தோல்வி என்றே பதிவாகின. உயிர் தப்பியதே பெரிய காரியமாக இருந்த அந்த நாட்களில் அவர் இதைப் பற்றி யாரிடமும் கதைத்திருக்கமாட்டார். பிற்காலத்தில் என்னிடம் சொன்னபோதுகூட குறையாகச் சொல்லவில்லை. தரவு எப்படிப் பிழைக்கும் என்பதற்கு உதாரணமாகவே சொன்னார். அதன் பிறகு அவர் ஒரு நாள் தவணை ஆட்டங்களைத் தொடவே மாட்டார். குறைந்தது மூன்று நாள். விரும்பினால் ஏழு, பதினான்கு. 2022 மார்ச் 31இல் நாட்டில் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு வந்தபோது, ஒரு நாள் தவணையில் ஆடிக்கொண்டிருந்த நான் கைபேசியில் மிஞ்சிய நான்கு வீத மின்சாரத்தோடு கோபுரத்துச் சமிக்ஞையைத் தேடி மொட்டைமாடியில் நடந்தேன். ஸேர் கீழே திண்ணையில் விசிறியோடு இருந்து சிரித்தார்.

இணையத்துக்கு வருவோம். எலோவின் முறையில் ஒரு குறை உண்டு. ஆயிரம் ஆட்டம் ஆடியவரின் 1500ஐயும் நேற்று வந்தவரின் 1500ஐயும் அது ஒரேவிதமாக நம்பும். இதைத் திருத்தியவர் மார்க் கிளிக்மன் என்ற அமெரிக்கப் புள்ளிவிபரவியலாளர், அவரும் சதுரங்கக்காரர். 1995இல் அவர் வெளியிட்ட முறைக்குக் கிளிக்கோ என்று பெயர். செஸ் டொட் கொம் பயன்படுத்துவது அதைத்தான். லீசெஸ் பயன்படுத்துவது அதன் அடுத்த வடிவமான கிளிக்கோ-2. இதில் ஒவ்வொருவருக்கும் இரண்டு எண்கள். ஒன்று தரப்புள்ளி. மற்றது விலகல்: அந்தப் புள்ளியை எவ்வளவு நம்பலாம் என்பதற்கான எண். புதிதாக வருகிறவருக்கு 1500, விலகல் 350. விலகலின் இரண்டு மடங்கைக் கூட்டியும் கழித்தும் பார்த்தால், அவருடைய உண்மையான பலம் 800க்கும் 2200க்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்று பொருள். அதாவது ஒன்றுமே தெரியாது என்பதை மரியாதையாகச் சொல்லும் முறை. ஆட ஆட விலகல் குறையும். 50க்கு வந்துவிட்டால் 1400க்கும் 1600க்கும் இடையில் என்று தைரியமாகச் சொல்லலாம். ஆடாமல் இருந்தால் விலகல் மெல்ல மெல்லத் திரும்பவும் ஏறும்.

விலகல் பெரிதாக இருக்கும்போது புள்ளி குரங்குபோலத் தாவும். புதியவர் தன் முதல் ஆட்டத்தில் 1500 புள்ளியுள்ள பழைய ஆட்டக்காரரிடம் தோற்றால் ஏறக்குறைய 175 புள்ளி ஒரேயடியாகப் போய்விடும். அந்தப் பழையவருக்கு இலாபம் 175 அல்ல, ஏறக்குறைய 5. இவர் யார் என்றே தெரியாதபோது இவரை வென்றதை எவ்வளவு பெரிதாக எடுப்பது என்று கணக்கு தயங்குகிறது. தன்னைப்போல நிலைபெற்ற ஒருவரை வென்றிருந்தால் 7 கிடைத்திருக்கும். எலோவிடம் ஒருவர் இழந்ததை மற்றவர் பெறுவார், கைமாற்றுக் கணக்கு. கிளிக்கோவில் அப்படியல்ல. ஒருவர் இழந்தது எங்கே போனது என்று தேடினால் கிடைக்காது.

இவையெல்லாம் எல்லா ஆட்டத்துக்கும் பொது. அஞ்சல்முறைக்கு மட்டும் உரிய விசித்திரங்கள் வேறு. அவற்றைத்தான் ஸேரும் நானும் வருடக்கணக்காகக் கதைத்தோம்.

முதலாவது, புள்ளிகள் வந்துசேரும் ஒழுங்கு. பத்து ஆட்டங்களை ஒரே நாளில் ஆரம்பிக்கிறேன் என்று வையுங்கள். எது முதலில் முடியும்? நான் மடத்தனமாக இராணியைப் பறிகொடுத்த ஆட்டம். பண்போடு தோல்வியை ஒப்புக்கொண்டு விலகிவிடுகிறேன். எட்டாம் நாளே என் புள்ளி இறங்குகிறது. நான் வெல்லப்போகிற ஆட்டங்களோ முடிவதேயில்லை. எதிராளி மூன்று நாளின் கடைசி மணித்தியாலம்வரை காத்திருந்து ஒரு காலாளைத் தள்ளுவார். பிறகு மறுபடி மூன்று நாள். “தோக்கப்போறவன் கடன்காரன் மாதிரி தம்பி, கடைசித் தவணை வரைக்கும் கடப்படிப் பக்கம் வரமாட்டான்” என்பார் ஸேர். ஆகவே ஒரு தொகுதி ஆட்டத்தின் முதல் மாதத்தில் தோல்விகள் மட்டுமே பதிவாகும். வெற்றிகள் நான்காம் மாதம் வரும். இடையில் என்னுடைய எண்ணைப் பார்க்கிறவர் நான் வீழ்ச்சியடைந்துவிட்டதாக நினைப்பார். அதைவிட முக்கியம், அந்தப் பள்ளத்தில் கிடக்கும் எண்ணை வைத்துத்தான் அடுத்த எதிராளிகள் எனக்கு அமைவார்கள்.

இரண்டாவது, எதிராளியின் எண் எப்போது எடுக்கப்படுகிறது என்பது. ஆட்டம் தொடங்கிய நாளில் அல்ல, முடிந்த நாளில். ஏழு மாதத்துக்கு முன் 1500 புள்ளியோடு தொடங்கிய ஒரு பையன் இடையில் நன்றாகப் படித்து 1900க்குப் போய்விட்டான். எங்கள் பலகையில் கிடக்கும் நிலை அவன் அறியாப் பருவத்தில் செய்த பிழைகளின் நிலை. அவனை இன்று வென்றால் 1900காரனை வென்ற கூலி எனக்கு. மாறாக, 1900காரர் ஒருவர் பயணம் போய், இருபது ஆட்டங்களில் நேரம் முடிந்து, 1500க்கு இறங்கித் திரும்பி வருவார். பலம் குறையவில்லை, எண்தான் குறைந்தது. அவரிடம் தோற்றால் சின்னவனிடம் தோற்ற தண்டனை எனக்கு. இதனால்தான் சில தளங்கள் ஒருவர் எத்தனை வீதம் ஆட்டங்களை நேரம் முடிந்து இழந்தார் என்பதையும் காட்டுகின்றன. சில போட்டிகளில் அந்த வீதம் கூடியவருக்கு அனுமதியில்லை. எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நற்சான்றுப் பத்திரம்.

மூன்றாவது இயந்திரம். செஸ் டொட் கொம், லீசெஸ் இரண்டிலும் அஞ்சல்முறை ஆட்டத்தில் தொடக்க நகர்வுப் புத்தகங்களைப் பார்க்கலாம். கணினியிடம் நகர்வு கேட்கக்கூடாது. 1951இல் உருவான சர்வதேச அஞ்சல் சதுரங்க சம்மேளனம் வேறு வழியில் போனது. 2004 முதல் அதற்கென்று இணையச் சேவையகம் இருக்கிறது. அங்கே கணினி உதவி அனுமதிக்கப்பட்டது. தடுக்க முடியாததைத் தடை செய்து நேர்மையானவனை மட்டும் தண்டிப்பானேன் என்ற நியாயம். விளைவு, மேல்மட்டத்தில் மிகப் பெரும்பாலான ஆட்டங்கள் சமநிலையில் முடிகின்றன. இங்கே எலோவின் கணக்கு திணறுகிறது. 2600காரர் 2400காரரிடம் நூறுக்கு 76 எடுக்கவேண்டும் என்று அது எதிர்பார்க்கும். இருவருக்கும் பின்னால் ஒரே பலமுள்ள இயந்திரம் இருக்கும்போது எடுப்பது ஐம்பதுக்குச் சற்று மேல். பெரியவர் தோற்காமலே இறங்குவார், சின்னவர் வெல்லாமலே ஏறுவார். பலம் கூடக்கூடச் சமநிலைக்கான வாய்ப்பும் கூடும் என்பதைக் கணக்குக்குள்ளேயே கொண்டுவந்து, அந்தச் சம்மேளனத்தின் ஆட்டங்களை வைத்தே கிளிக்மன் ஒரு புதிய முறையை வகுத்து 2025இல் எழுதியிருக்கிறார். ஸேர் இருந்திருந்தால் அதை அச்செடுத்துக் கொண்டுவரச் சொல்லி, பென்சிலோடு இருந்து படித்திருப்பார்.

ஸேர் 2023இல் ஒரு சுபஹுக்குப் பிறகு மௌத்தானார். நித்திரையிலிருந்து எழும்பி, தொழுது, தேநீர் கேட்டு, அது வருவதற்குள் போய்விட்டார். ஜனாஸா அன்று அஸருக்கே அடக்கப்பட்டது. இரவு வீட்டுக்கு வந்து கைபேசியைத் திறந்தபோது எங்கள் ஆட்டத்தில் அவருடைய முறை என்று காட்டியது. மீதி ஆறு நாள், பதினொரு மணித்தியாலம். அந்தக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

அவருடைய பக்கத்தைப் பார்த்தேன். 1874, விலகல் 54. ஓடிக்கொண்டிருந்த ஆட்டங்கள் பதினொன்று. எழுபத்தெட்டு வயதில் கணினியிடம் ஒரு நகர்வு கேட்காமல் சேர்த்த 1874. பக்கவாதம் வந்து வலது கை தளர்ந்த வருடத்தில் 1690க்கு இறங்கி, இடது விரலால் தட்டப் பழகி, மூன்று வருடமாக ஏற்றியெடுத்தது. இனி என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். மூன்று நாளில் முதலாவது ஆட்டம் நேரம் முடிந்து தோல்வியாகும். பிறகு அடுத்தது. பதினான்கு நாள் தவணை ஆட்டங்கள் கடைசியாக விழும். கணக்குக்குத் தெரிந்தது வெற்றி, தோல்வி, சமநிலை மூன்றும்தான். நான்காவது ஒன்று அதற்குத் தெரியாது. சர்வதேச சம்மேளனத்தில் ஆட்டக்காரர் இறந்தால் பலகை நிலையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் வழக்கம் உண்டு. பொதுத் தளங்களில் யார் யாருக்குச் சொல்வது?

எங்கள் ஆட்டத்தில் கோட்டைகள் மட்டும் மிஞ்சியிருந்தன. அவருக்கு ஒரு காலாள் கூட, அவருடைய இராஜா நடுவில். இன்னும் முப்பது நகர்வு இழுத்திருக்கலாம், முடிவு மாறியிருக்காது. பலகையை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அனுதாபத்துக்காகத் தோற்றால் ஸேர் கோபிப்பார். பாடசாலையில் ஒரு புள்ளி கூட்டிப் போடும்படி அதிபரே வந்து கேட்டும் மறுத்தவர் என்று பெயரெடுத்தவர். ஆனால் இது அனுதாபமல்ல, நிலை அப்படித்தான் என்று எனக்குத் திடமாகத் தெரிந்த பிறகு தோல்வியை ஒப்புக்கொள்ளும் பொத்தானை அழுத்தினேன். அவருக்கு 5 கூடியது. எனக்குக் குறைந்தது எவ்வளவு என்று பார்க்கவில்லை.

மற்றப் பத்து எதிராளிகளுக்கும் ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதினேன். இன்னார் இறந்துவிட்டார், உங்கள் ஆட்டத்துக்கு இனிப் பதில் வராது என்று மட்டும். எதையும் செய்யும்படி கேட்கவில்லை. நான்கு பேர் பதில் எழுதினார்கள். ஒருவர், ஸேரோடு ஆறு வருடங்களில் பதினேழு ஆட்டம் ஆடியதாகவும், அவர் ஒரு பாட்டனார் என்றே தெரியாது என்றும், பையன் ஒருவன் என்று நினைத்திருந்ததாகவும் எழுதினார். தான் தோற்றுக்கொண்டிருந்த ஆட்டத்தை ஒப்புக்கொண்டு விலகினார். இன்னொருவர், தன் ஆட்டத்தில் தான் தெளிவாக வென்றுகொண்டிருப்பதால் கைவிட மனமில்லை, மன்னிக்கவேண்டும் என்று எழுதினார். பலகையைப் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. அவர்மீது எனக்கு மதிப்பு வந்தது.

மிச்சம் ஒன்பதும் ஒவ்வொன்றாக விழுந்தன. 1885இலிருந்து 1876, 1866, 1859. தினமும் காலையில் பார்ப்பதை நிறுத்த முடியவில்லை. கபுறின் மண் காய்வதற்கு முன் ஒரு மனிதருடைய பெயருக்குப் பக்கத்தில் உள்ள எண் இறங்கிக்கொண்டிருந்தது. எங்கோ ஒருவர் காலையில் எழும்பித் தனக்கு ஒன்பது புள்ளி கூடியிருப்பதைக் கண்டு சந்தோஷப்பட்டிருப்பார். அந்தச் சந்தோஷத்தில் பிழையுமில்லை. ஏழாம் நாள் கத்தம் முடிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஸேருடைய பேரன் கைபேசியை நீட்டி, “சாச்சா, வாப்பப்பாட பொயின்ட் ஏன் குறையுது? அவர் விளையாடுறே இல்லையே” என்று கேட்டான். பத்து வயது. விளையாடாததால்தான் குறைகிறது என்றேன். அவன் ஏற்றுக்கொள்ளவில்லை. 1990இல் தபால் வராத கதையைச் சொன்னேன். அதை ஏற்றுக்கொண்டான்போலத் தெரிந்தது.

இறுதி ஆட்டம் இரண்டாம் வாரத்தில் முடிந்தது. 1807.

அதன் பிறகு எண் அசையவில்லை. அசைவது விலகல் மட்டும். மாதங்கள் போகப்போக 60, 75, 90 என்று அது ஏறிக்கொண்டு வருகிறது. நான் கடைசியாகப் பார்த்தபோது 112. ஸேருடைய பலம் 1583க்கும் 2031க்கும் இடையில் எங்கோ இருக்கலாம் என்கிறது கணக்கு. பேரனுக்கு இப்போது அந்த இரண்டு எண்களையும் கூட்டிக் கழித்து எழுதத் தெரியும். கலண்டர் தாளின் பின்பக்கத்தில்தான் எழுதுகிறான்.